டோங் ஹா பாலத்தடியில் ஒரு காலை

மத்திய வியட்நாமின் ஹுவே நகரிலிருந்து வடக்கே வேன் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் வட, தென் வியட்நாம்களைப் பிரித்த பென் ஹாய் ஆற்றையும், போர்க்காலத்தில் மக்கள் தங்கிய வின் மோக் சுரங்கங்களையும் பார்க்கப் போகிறவர்கள். இடையில் வரும் டோங் ஹாவில் ஒரு காப்பிக்கு மேல் அவர்கள் நிற்பதில்லை. நான் அங்கேயே இறங்கிக்கொண்டு, சந்தையை ஒட்டிய ஆற்றங்கரைக்குப் போய், நெடுஞ்சாலைப் பாலத்தை அண்ணாந்து பார்த்தேன். 1972-இல் இந்த ஆற்றின் மேல் எஃகும் மரமுமாக அமைந்த பாலம் ஒன்று இருந்தது.

அவ்வாண்டு மார்ச் 30 அன்று வட வியட்நாமின் பெரும் தாக்குதல் தொடங்கியது. ஏப்ரல் 2, ஈஸ்டர் ஞாயிறன்று அதன் டாங்கிகள் வடகரையை எட்டிவிட்டன. தென்கரையில் மேஜர் லே பா பின் தலைமையில் தென் வியட்நாம் மரைன் படையின் 3-ஆம் பட்டாலியன் நின்றது. அதற்கு ஆலோசகராக இருந்தவர் அமெரிக்க மரைன் கேப்டன் ஜான் ரிப்ளி.

டாங்கிகள் கடக்காதபடி பாலத்தைத் தகர்த்த ரிப்ளியின் கதையைச் சொல்பவர்கள் ஹுயின் வான் லுவோம் என்ற தென் வியட்நாம் மரைன் சார்ஜென்டை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மண் நிரப்பிய இரண்டு பெட்டிகளும் கொஞ்சம் முள்கம்பியும் மட்டுமே மறைப்பாக இருக்க, அவர் பாலத்தில் ஏறிய முதல் டாங்கியைத் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டால் எதிர்த்தார். முதல் ராக்கெட் குறி தப்பியது. இரண்டாவது பட்டதும் டாங்கி பின்வாங்கியது. அந்த அவகாசம் கிடைத்திராவிட்டால் ரிப்ளிக்குப் பாலத்தடியில் வேலையே இருந்திருக்காது.

அதன்பின் ஏறத்தாழ மூன்று மணி நேரம், எதிர்க்கரையிலிருந்து குண்டுகள் பாய்ந்துகொண்டிருக்க, ரிப்ளி எஃகு விட்டங்களின் விளிம்பைக் கைகளால் பற்றித் தொங்கியபடியே ஆற்றின் மேல் நகர்ந்து வெடிமருந்தைப் பொருத்தினார். மொத்தம் சுமார் 500 பவுண்டு. அமெரிக்கத் தரைப்படை மேஜர் ஜேம்ஸ் ஸ்மாக், பாலத்தடியை மறித்திருந்த முள்கம்பி வேலிக்கு அப்பாலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொடுக்க, ரிப்ளி ஒவ்வொரு முறையும் கரைக்குத் திரும்பி, கால்களைக் கிழித்த அதே முள்கம்பியைத் தாண்டி மீண்டும் உள்ளே போனார். வெடிமருந்தை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டரின் உலோகக் குழாயைத் திரியோடு இறுக்குவதற்குக் கருவி இல்லாததால் பல்லால் கடித்து இறுக்கினார். கடி சற்றுப் பிசகினாலும் வாயிலேயே வெடித்திருக்கும்.

ஆற்றங்கரைக் கொட்டகையொன்றின் இரும்புச் சட்டத்தைப் பிடித்து நானும் தொங்கிப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் விரல்கள் விட்டுவிட்டன. மீன் கூடையுடன் போன அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தார்.

ரிப்ளி மின்கம்பிகளை ஒரு ஜீப்பின் பேட்டரியில் தொட்டபோது பாலம் அசையவில்லை. மாற்று ஏற்பாடாகப் பற்றவைத்திருந்த திரி எரிந்து முடிந்த பிறகே அது வெடித்து ஆற்றில் விழுந்தது. டோங் ஹாவுக்குத் தெற்கே உள்ள குவாங் ட்ரி நகரம் மே 1 அன்று எப்படியும் வீழ்ந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டாங்கிகூட இந்தப் பாலத்தின் வழியாகத் தென்கரைக்கு வரவில்லை.