பனங்குற்றியும் மைனஸ் 12668உம்

பள்ளிக்கூட மலரைத் தயாரிக்கும் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர், "அண்ணை, எங்கட பள்ளிக்கூடக் கணினி அறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார். அறையைப் பற்றிச் சொல்ல ஒரு பக்கம் தேவையில்லை. நான்கு கணினி, அதில் வேலை செய்தது மூன்று. தூசு படாமல் ஒவ்வொன்றுக்கும் பழைய சேலையில் தைத்த உறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். போரால் மூடிக் கிடந்த கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 பாதை 2002 சித்திரையில் திறந்த பிறகு, அப்போதே வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர்கள் அனுப்பிய காசில் கொழும்பில் வாங்கி, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறக்கி ஏற்றிக் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தவை. இதை வாசிக்கும் யாராவது அன்றைக்குக் காசு போட்டிருந்தால், நான் இன்று சாப்பிடும் சோற்றில் உங்களுக்கும் பங்கு உண்டு. சரி, அது போகட்டும். நான் சொல்ல வந்தது பனங்குற்றிக் கதை.

2005ஆம் ஆண்டு. நாங்கள் உயர்தர முதலாம் வருடம். ஊருக்குக் கம்பி மின்சாரம் இல்லை. பின் வளவில் இருந்த ஜெனரேற்றரை எங்களுக்குப் படிப்பிக்கும் சேர் கயிறு இழுத்துத் தொடக்குவார், ஐந்தாறு இழுவைக்குப் பிறகு அது இருமிக்கொண்டு எழும்பும். எரிபொருள் கணக்கு, ஆகவே வாரத்தில் இரண்டு பாடவேளைதான். இரண்டு பேருக்கு ஒரு கணினி. புரோகிராமைக் கொப்பியில் எழுதிச் சேரிடம் காட்டி ஒப்பம் வாங்கினால்தான் உள்ளே விடுவார். தட்டச்சுப் பண்ணும் நேரத்தை விடக் கொப்பியில் வெட்டித் திருத்திய நேரம் பத்து மடங்கு.

நாங்கள் பழகியது டர்போ பாஸ்கல் என்ற புரோகிராம் மொழி. அதைப் பழகியவர்களுக்கு அந்த நீலத் திரை மறந்திருக்காது. கொன்ட்ரோலும் எஃப் 9உம் அழுத்தினால் ஓடும். கண் மூடித் திறக்குமுன் நீலத் திரை திரும்ப வந்துவிடும். விடையைப் பார்க்க ஓல்ட்டும் எஃப் 5உம் அழுத்த வேண்டும். புத்தகத்தில் முதல் வரியாக "யூசஸ் சிஆர்டி" என்று போட்டு, பழைய விடைகளைத் துடைத்துவிட்டுத் தொடங்கச் சொல்லியிருந்தது. எங்களுக்கு அது சரிவரவில்லை. அந்த வரியைப் போட்டால் "ரன்டைம் எரர் 200" என்று நின்றுவிடும். டர்போ பாஸ்கல் பழையது, கணினி புதியது. தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும் கணக்கு ஒன்று, திரையைக் கையாளும் அந்த சிஆர்டிக்குள் இருந்தது, புதிய வேகத்தை அதனால் தாங்க முடியவில்லை. ஆகவே நாங்கள் திரையைத் துடைப்பதில்லை. முன்னர் ஓட்டிய விடைகள் எல்லாம் மேலே அப்படியே கிடக்கும். கதைக்கு இது முக்கியம்.

அறையின் யன்னலுக்கு வெளியே பனங்குற்றி அடுக்கியிருந்தார்கள். புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது பழைய பங்கரை, அதாவது பதுங்குகுழியை, பிரித்து எடுத்தவை. அடியில் ஏழு, அதன் மேல் ஆறு, பிறகு ஐந்து என்று உச்சியில் ஒன்று. உருளாமல் இரண்டு பக்கமும் கட்டை அறைந்திருந்தது. சேர் யன்னலால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எத்தனை வரிசை எண்டு நான் தருவன். எத்தனை குற்றி எண்டு புரோகிராம் சொல்ல வேணும்."

கவுஸ் என்ற கணித மேதை சின்னப் பையனாக ஒன்றிலிருந்து நூறு வரை குறுக்கு வழியில் கூட்டிய கதையை உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சேர் சொல்லவில்லை. அந்த வகையில் அவர் நல்லவர்.

நான் வர்த்தகப் பிரிவு. எனக்குத் தெரிந்தது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் லூப் ஒன்றுதான். வரிசைகளின் எண்ணிக்கை n. i என்பது ஒன்றிலிருந்து n வரை போகும், ஒவ்வொரு தடவையும் மொத்தத்தோடு i-ஐக் கூட்டு. எழுதி, ஒப்பம் வாங்கி, ஓட்டினேன். ஏழு வரிசைக்கு விடை ஏழு. வெளியே குற்றிகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "லூப் வரியில 'do'வுக்குப் பின்னால ஏன் அரைப்புள்ளி வைச்சனீர்?" என்றாள். அந்த ஒரு புள்ளியால் லூப் வெறுமையாக ஏழு தடவை சுற்றிவிட்டு, கூட்டலை வெளியே வந்து ஒரே ஒரு தரம் செய்திருக்கிறது. கொப்பியில் அந்தப் புள்ளி இல்லை, விரல் பழக்கத்தில் விழுந்தது. எடுத்ததும் 28 வந்தது.

அவள் கணிதப் பிரிவு. சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவிலிருந்து வந்து சேர்ந்தவள். (பெயர் போடக்கூடாது என்று போன கிழமை வாட்ஸ்அப்பில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.) இணைந்த கணிதத்தில் கூட்டல் விருத்தி படித்திருந்தபடியால் அவளுக்கு லூப்பே தேவைப்படவில்லை. n-ஐ n கூட்டல் ஒன்றால் பெருக்கு, இரண்டால் வகு. ஒரு வரி. அவளுக்கும் 28. சேர் அவளுடைய கொப்பியைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்குக் காட்டினார். எனக்குக் காது சுட்டது.

அந்த எரிச்சலில்தான் பெரிய எண்களாகக் கொடுக்கத் தொடங்கினேன். நூறு வரிசைக்கு இரண்டு பேருக்கும் 5050. இருநூறு கொடுத்தேன், 20100 வந்தது. பிறகு அவள் தன்னுடையதை ஏற்றி இருநூறு கொடுத்தாள். ஓல்ட், எஃப் 5. மேலே என்னுடைய 20100 துடைபடாமல் கிடக்கிறது. அதற்குக் கீழே அவளுடையது: மைனஸ் 12668.

"சேர், குற்றி கடனாம்" என்று நான் கத்தியதை இப்போதும் சொல்லிக் காட்டுவாள்.

சேர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "முந்நூறு குடுத்துப் பாருங்கோ" என்றார். இந்தத் தடவை எனக்கு மைனஸ் 20386. அவளுக்கு 12382. என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். பிறகு கொப்பியின் ஓரத்தில் கையால் பெருக்கிப் பார்த்தாள். முந்நூறை முந்நூற்றொன்றால் பெருக்கினால் 90300, பாதி 45150. அவளுடையதும் பிழை. மைனஸ் வந்தால் ஏதோ கோளாறு என்று குருடனுக்கும் தெரியும். 12382 வந்தால் யார் சந்தேகப்படுவது? இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்தும் எனக்குப் பயம் அந்த 12382 வகை விடைகளில்தான்.

அதற்குள் ஜெனரேற்றர் நின்றுவிட்டது. சேர் எங்களை வெளியே கூட்டிப் போய்த் தன் எம்டி 90 மோட்டார் சைக்கிளின் மீற்றரைக் காட்டினார். ஐந்து இலக்கம். 99999 வந்ததும் அடுத்தது 00000. "வண்டி புதுசாகிட்டுதே? இல்லை. மீற்றரில இடமில்லை, அவ்வளவுதான்." டர்போ பாஸ்கலில் முழு எண்ணைப் போட்டு வைக்கும் இன்டிஜர் என்ற பெட்டிக்கு, பூச்சியமும் ஒன்றுமாக எழுத, பதினாறு இடம். 32767 வரை ஏறும், அதற்கு மேல் ஒன்று கூட்டினால் மைனஸ் 32768க்குப் போய் விழும். பிழை என்று ஒரு சத்தமும் போடாது.

அடுத்த பாடவேளை வரும்வரை மலைவேம்புக்குக் கீழே இருந்து யாருடையது எங்கே உடைகிறது என்று தேடினோம். அவளுடையது 180 வரை சரி. 181ஐ 182ஆல் பெருக்கினால் 32942, வழிந்துவிடும். விடை 16471 பெட்டிக்குள் அடங்கும் எண்தான், ஆனால் வகுக்குமுன் பெருக்கியது அடங்கவில்லை. என்னுடையது 255 வரை தாக்குப்பிடித்தது, 32640. 256 இல் 32896, முடிந்தது கதை. இணைந்த கணிதக்காரியின் ஒரு வரியை விட என் மாட்டு வண்டி எழுபத்தைந்து வரிசை கூடுதலாக ஓடியிருக்கிறது. அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அவள் விடவில்லை. n-உம் n கூட்டல் ஒன்றும் பக்கத்துப் பக்கத்து எண்கள், ஒன்று கட்டாயம் இரட்டை. அந்த இரட்டையை முதலில் பாதியாக்கிவிட்டுப் பிறகு பெருக்கினாள். அவளும் 255க்கு வந்துவிட்டாள். வன்னிப் பெண்ணிடம் தோற்றதில் வெட்கமில்லை, அவள் அதை ஒரே இரவில் குப்பி விளக்கில் செய்துகொண்டு வந்ததுதான் எரிச்சல்.

மொத்தத்தை லோங்இன்ட் என்ற பெரிய பெட்டி ஆக்குங்கள் என்று சேர் சொன்னார், இருநூறு கோடிக்கு மேல் இடம் உண்டு. என்னுடையது அதோடு திருந்தியது. அவளுடைய பழைய ஒரு வரி திருந்தவில்லை. 181க்கு அதே மைனஸ் 16297. மொத்தம் பெரிய பெட்டி, ஆனால் n இன்னும் சின்னப் பெட்டி. பெருக்கல் சின்னதற்குள் நடந்து, கெட்டுப்போன பிறகு பெரியதற்குள் போகிறது. n-ஐயும் லோங்இன்ட் ஆக்கிய பிறகுதான் சரிவந்தது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று கிழமை, அதாவது ஆறு பாடவேளை எடுத்தது.

2006 ஆவணியில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மூடியது. பள்ளிக்கூட வளவில் திரும்பவும் பங்கர் வெட்டினார்கள். கணினி அறை பூட்டிக் கிடந்தது. குற்றியை மேலிருந்துதான் எடுக்க முடியும். ஒரு நாள் நாங்கள் போனபோது நான்கு வரிசை போயிருந்தது. அடியில் ஏழு, அதன் மேல் ஆறு, அதன் மேல் ஐந்து. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப என்ர வரி சரிவராது" என்றாள். "உம்மட லூப்பை ஐந்தில இருந்து தொடங்கினால் காணும்."

பதினெட்டுக் குற்றி இருந்தது.