சமையலறை அலமாரிக் கதவுகளுக்குக் குறைந்த செலவில் புதுப் பூச்சு

2009-இல் மதுரையில் வீடு கட்டியபோது ஆசாரி செய்து கொடுத்த ப்ளைவுட் கதவுகள்தான் இன்றும் எங்கள் சமையலறை மேடைக்கு அடியில் இருக்கின்றன. பலகையில் குறையில்லை. ஆனால் கைப்பிடிகளைச் சுற்றிப் பூச்சு தேய்ந்து மரம் தெரிந்தது. அடுப்புக்கு அருகிலிருந்த கதவுகள் தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து பழுப்பேறிப் போயிருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டுவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய மரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு லட்சக்கணக்கில் செலவழிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயிண்ட், பிரைமர், உப்புத்தாள், ரோலர் எல்லாம் சேர்த்துச் சுமார் 3,000 ரூபாயில் வேலை முடிந்தது.

இவ்வளவு குறைவாக முடிந்ததற்குக் காரணம், கூலி கொடுக்க வேண்டிய உழைப்பை நாங்களே ஏற்றுக்கொண்டதுதான். அந்த உழைப்பில் பெரும்பகுதி பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. சமையலறைக் கதவில் புதுப் பூச்சு சில மாதங்களில் செதில் செதிலாக உரிகிறது என்றால், பெரும்பாலும் குற்றம் பெயிண்டினுடையது அன்று. அடியில் விட்டுவைத்த எண்ணெய்ப் பசையினுடையது. ஆகவே கதவுகளைக் கழற்றி, எது எந்த இடத்துக்குரியது என்று கீல் பதியும் பள்ளத்தில் எண் எழுதி வைத்துவிட்டு, வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவினோம். பிறகு சோடாவின் மிச்சம் தங்காதபடி நல்ல தண்ணீரில் இருமுறை துடைத்து, நிழலில் உலரவிட்டோம். வெயிலில் வைத்தால் பலகை வளைந்துவிடக்கூடும். பிசுக்கு முழுவதும் போயிற்றா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. உலர்ந்த கதவின் மேல் விரலால் சில சொட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். அது பரவி நின்றால் சரி. உருண்டு திரண்டு நின்றால் அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடியும் கழுவ வேண்டும். எங்கள் அடுப்போரக் கதவு இரண்டாம் கழுவலுக்குப் பிறகும் தண்ணீரை உருட்டியே காட்டியது.

அடுத்து உப்புத்தாள் தேய்ப்பது. இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்றே கருதிக்கொள்வது நல்லது. அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசு, குறிப்பாகக் குழந்தைகளின் உடலுக்குப் பெருங்கேடு. எனவே மாடியில் வைத்து, முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்த்தோம். பூச்சு போய் மரம் வெளியே தெரிந்த இடங்களில் மட்டும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம். கீழே வழிந்த பெயிண்ட் கலந்த சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போட்டோமே தவிர, துடைப்பத்தால் பெருக்கவில்லை. உரிந்த ஓரங்களுக்கு 120 எண் தாள், மற்றப் பரப்புக்கு 220 எண் தாள் போதும். பழைய பூச்சை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. அதன் பளபளப்பு மங்கினால் புதுப் பூச்சுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். சன்மைக்கா ஒட்டிய கதவாக இருந்தால் சாதாரண மரப் பிரைமர் நிற்காது. வழுவழுப்பான பரப்பில் பிடிக்கும் தனி பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும்.

தொட்டிக்கு அடியில் இருந்த ஒரு கதவு மட்டும் ஈரத்தில் ஊறி, அடி விளிம்பு அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. அப்படி உப்பிய பலகையைப் பட்டி வைத்து மறைப்பது வீண் வேலை என்பதால், அதற்கு மட்டும் புதுப் பலகை அறுத்து வாங்கினோம். கீல் திருகுகள் பிடிக்காமல் ஆடிய துளைகளில் தீக்குச்சிகளின் மருந்துத் தலையைக் கிள்ளிவிட்டு, பெவிகால் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் மட்டமாக நறுக்கினோம். திருகுகள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டன.

வெள்ளை நிறம் வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் நாளடைவில் மஞ்சளித்துவிடும். கதவின் உட்பக்கம் எப்போதும் இருட்டில்தான் இருக்கிறது. அதனால் விலை சற்றுக் கூடுதலானாலும் தண்ணீரில் கரையும் எனாமலையே தேர்ந்தெடுத்தேன். அதில் நெடியும் குறைவு என்பது, சமைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டிய வீட்டுக்குப் பெரிய வசதி.

அளவுக் கணக்கு எளிது. இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கதவு ஒன்று இருபுறமும் சேர்த்து 6 சதுர அடி. பன்னிரண்டு கதவுகளுக்கு 72. ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 சதுர அடி வரை வரும் என்று வைத்துக்கொண்டால், சட்டங்களையும் சேர்த்து இரண்டு பூச்சுக்கு இரண்டு லிட்டர் போதுமானது. பிரைமர் ஒரு லிட்டர்.

கதவுகளைக் கவிழ்த்த டம்ளர்களின் மேல் படுக்கவைத்தே அடித்தோம். நிறுத்தி வைத்தால் பெயிண்ட் வழிந்து கோடு விழும். ஓரங்களுக்கு ஓரங்குலப் பிரஷ், பரப்புக்கு நான்கங்குலப் பஞ்சு ரோலர். பிரைமர் காய்ந்ததும் 320 எண் தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, பிறகு மெல்லிய இரண்டு பூச்சு. தடித்த ஒரு பூச்சு ஒருபோதும் அதற்கு ஈடாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காற்றின் ஈரத்தில் பூச்சு காய்வதற்கு மிகவும் தாமதமாகும்.

தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்திலேயே வந்துவிடும். ஆனால் பூச்சு உள்ளுக்குள் இறுக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை கதவைச் சட்டத்தோடு அழுத்தி மூடினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பூச்சு பிய்ந்து வரும். கதவுகளை மாட்டிய பிறகு விளிம்பில் சிறு காகிதத் துண்டுகளைச் செருகி வைத்திருந்தோம். கறை பட்டால் சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்துணியால் மட்டும் துடைத்தோம், பாத்திரம் தேய்க்கும் நாரை அதன் பக்கமே கொண்டுபோகவில்லை.