காரைக்குடியில் முதல் வீடு: 30 லட்சக் கணக்கு எங்கெங்கே உடைகிறது

காரைக்குடிப் பக்கம் முதல் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் கிளம்புகிறார்கள். கையில் 6 லட்சம், மிச்சத்துக்கு வங்கிக் கடன், 30 லட்சத்துக்குள் மூன்று சென்டில் தனி வீடு. முடிந்தால் தரைக்கு ஆத்தங்குடிக் கல், முகப்பில் இரண்டு தேக்குத் தூண். பத்திரம் பதிந்து, கடனும் இறங்கி, ஒருவழியாக மூச்சு விடுகிற இந்த நேரத்திலேயே அந்தக் கணக்கு எங்கெங்கே உடைந்தது என்று எழுதிவிடுகிறேன். வீடு பார்ப்பது, பிடிப்பது, பேரம் பேசுவதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

ஒரு வீட்டுக்கு மூன்று விலை உண்டு: விற்பவர் கேட்பது, பத்திரத்தில் எழுதுவது, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் போடுவது. பின்னால் சொன்ன இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கடன். பேசி முடித்தது 30 லட்சம், பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புப்படி 20 லட்சம் என்று வையுங்கள். "கைட்லைனுக்கே போட்டுக்குவோம்ணே, செலவு மிச்சம்" என்பார் பத்திர எழுத்தர். விற்பவருக்கும் அதில்தான் இஷ்டம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய், 20 லட்சத்துக்கு 1,80,000. மிச்சம் 90,000. ஆனால் வங்கி 80 சதவீதம் தருவதாக இருந்தால், 24 லட்சம் வரவேண்டிய கடன் 16 லட்சமாகச் சுருங்கிவிடும். 90,000 மிச்சம் பிடிக்கப் போய் 8 லட்சத்துக்கு வட்டிக்கடை ஏறி இறங்க வேண்டும். அந்த 8 லட்சத்தை ரொக்கமாகக் கொடுப்பதிலும் வில்லங்கம் இருக்கிறது. வீடு, நிலக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே, அதுவும் வாங்கிய கைக்கு. இதை விற்பவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். முழு விலையையும் பத்திரத்தில் காட்ட மறுத்தவர்கள்கூட இந்த இடத்தில் யோசிப்பார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பேச வேண்டிய பேச்சு இது. கொடுத்த பிறகு பேசினால் எடுபடாது.

30 லட்சம் வரையான கடனுக்கு சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. தரலாம் என்றுதான் இருக்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. 80 என்று வைத்துத் திட்டம் போடுங்கள். முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள் (10 லட்சத்துக்குட்பட்ட வீடுகளுக்கு மட்டும் விலக்கு). அப்படியானால் உங்கள் கையிலிருந்து போவது விலையில் 20 சதவீதமும் 9 சதவீதமும், மொத்தம் 29. 6 லட்சம் வைத்திருப்பவரின் வீடு 30 லட்சம் கிடையாது. சுமார் 20 லட்சம். 30 லட்சம் வீட்டுக்கு இந்த இரண்டுக்கே 8,70,000 வேண்டும். இதற்கு மேல் வங்கியின் செயலாக்கக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், எழுத்துக்கூலி இருக்கின்றன. அசல் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததைப் பதிவு செய்ய, கடன் தொகையில் அரை சதவீத முத்திரைத் தீர்வையும் தனிப் பதிவுக் கட்டணமும் உண்டு. வங்கியில் கடன் விண்ணப்பம் வாங்கும் ஆள் இந்தக் கடைசிச் செலவை வாயே திறக்க மாட்டார். பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் வரும். பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, ஆனால் 10 லட்சம் வரையான சொத்துக்கு மட்டுந்தான். 30 லட்சம் வீட்டுக்கு அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

சம்பளப் பக்கமும் இப்படியே. மாதம் 40,000 கைக்கு வருகிறது என்றால் பாதியைத் தவணைக்கு ஏற்கும் வங்கியில் 20,000. அதில் வண்டித் தவணை, போன் தவணை என்று 4,500 ஏற்கெனவே ஓடினால் மிச்சம் 15,500. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் வரும். 15,500-க்குக் கிடைப்பது 18 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. வண்டிக் கடனையும் போன் கடனையும் முதலில் அடைத்துவிட்டு விண்ணப்பித்தால் 23 லட்சம் வரை போகும். வீட்டுக்கடன் கேட்பதற்கு முன்னால் சின்னக் கடன்களை முடித்து, முடித்ததற்கான கடிதத்தையும் கையில் வாங்கிவிடுவது அதனால்தான் அவசியம்.

இனி பழைய வீட்டு ஆசை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டில் ஒரு பங்கு சல்லிசாக வருகிறது என்று தரகர் சொல்லிக் கூட்டிப் போவார். வளவில், அதாவது நடு முற்றத்தில், நின்று அண்ணாந்து பார்த்தால் மனசு மயங்கத்தான் செய்யும். சுற்றிலும் அறைகள், ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு பூட்டு. அந்தப் பூட்டுகளை எண்ணுங்கள், பங்காளிகள் எத்தனை பேர் என்று தெரியும். பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படித்தால், கீழப்பத்தியில் இரண்டாவது அறையும் அதன் உள்ளறையும், முகப்பிலும் நடையிலும் கிணற்றிலும் ஆறில் ஒரு பொதுப் பாத்தியமும் என்கிற தோரணையில் இருக்கும். நீங்கள் வாங்கப்போவது அவ்வளவுதான். பங்கு பிரியாத குடும்ப வீடாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதில் ஒரு பங்கை வாங்கிய வெளியாளுக்குக் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்கிறது. பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போட்டாலோ, உங்கள் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளப் பங்காளிக்கு 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பிரிபடாத பங்குக்கு வங்கிகளும் கடன் தராது. தரகர் இதையெல்லாம் ஒருநாளும் சொல்ல மாட்டார்.

முழு வீடாகவே வந்தாலும் கடனுக்கு இடிக்கும். மதிப்பீட்டாளர் சுவரைத் தட்டிப் பார்ப்பார், காரைக்கட்டு என்று எழுதுவார், ஓட்டுக்கூரை என்று எழுதுவார், கட்டடத்தின் மிச்ச ஆயுளைக் கடன் காலத்தோடு ஒப்பிடுவார். பர்மா தேக்குக்கும் முட்டைவெள்ளைக் கருவும் கடுக்காயும் சேர்த்த பூச்சுக்கும் அவருடைய படிவத்தில் கட்டம் கிடையாது. மனைக்கு மட்டும் மதிப்புப் போட்டுக் கட்டடத்துக்குப் பெயருக்கு ஒரு தொகை போடுவார். மிச்சம் முழுக்க உங்கள் கைப்பணம். வருடந்தோறும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு பிரித்து மேயும் செலவும் உண்டு. இதற்கெல்லாம் வசதி இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். அந்த வீடுகள் நிற்க வேண்டும் என்பதில் எனக்கும் ஆசை உண்டு. 6 லட்சம் கைக்காசோடு கிளம்புகிறவருக்கு அது தாங்காது. வாங்குவதாக முடிவு செய்தால், நிலை, கதவு, தூண், உத்தரம், தொட்டிக் கல் வரை எண்ணிக்கையோடு கிரய ஒப்பந்தத்தில் எழுதுங்கள், படமும் எடுத்து வையுங்கள். நிலைக்கதவும் தூணும் தனியாக விலைபோகிற ஊர் இது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அட்வான்ஸ் அன்று பார்த்த நிலை சாவி வாங்கும் அன்று இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆத்தங்குடிக் கல் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாகப் பதிக்க வேண்டிய கல் அது. பெயின்ட்டும் ஆசிடும் பட்டால் கறை போகாது. பதிக்கத் தெரிந்த கொத்தனார் கூலி கல் விலையோடு சேரும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் கூடத்துக்கு மட்டும் போடுங்கள், போதும்.

இனிக் காகிதங்கள். வில்லங்கச் சான்றை 1975-க்குப் பிந்தியதற்கு இணையத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தியது இணையத்தில் கிடைக்காவிட்டால் பதிவகத்தில் மனுப் போட வேண்டும். வழிகாட்டி மதிப்பு பூஜ்யம் என்று காட்டினால் கோயில் நிலமா, வக்பு நிலமா, புறம்போக்கா என்று தீர விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நில அளவை வரைபடத்தில் மனை ஓரமாக வாய்க்கால் ஓடுகிறதா, கண்மாய் நீர்ப்பிடிப்பில் விழுகிறதா பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால் 20-10-2016-க்கு முன் மனையாகவே பதிவானதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பதிவாகியிருந்தால் மறுபதிவு நடக்கும், ஆனாலும் மனையை முறைப்படுத்திய வரன்முறை ஆணை இல்லாமல் வங்கி கடன் தராது. பதிவு ஆகிறதே என்று ஏமாறுவது இந்த இடத்தில்தான். 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது சேர்ந்த பகுதிகளில், பழைய வரி ரசீதும் புதிய வரிவிதிப்பு எண்ணும் ஒரே வீட்டுக்குத்தானா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சீமைக்கே உரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. தாய்ப் பத்திரத்தில் விற்பவருடைய அப்பச்சி (அப்பா) பெயருக்கு முன்னால் நாலு தலைமுறை விலாச எழுத்துகள் (இனிஷியல்) தமிழில் நிற்கும். ஆதாரில் ஒற்றை ஆங்கில எழுத்துத்தான். வங்கி வழக்கறிஞர் இரண்டும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்பார். பிள்ளை கூட்டிக்கொண்ட குடும்பம் என்றால் சுவீகாரப் பத்திரம் கேட்பார். அது இல்லாவிட்டால் வாரிசுச் சான்றில் ஆரம்பித்து எல்லாம் நின்றுவிடும். குடும்பத்துப் பெண்களின் கையெழுத்து அடுத்தது. 20-12-2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை மகள்களுக்கும் சம பங்கு தந்த 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் தொடாது. அதற்குப் பிந்தியதில் ஆண்கள் மட்டும் பிரித்துக்கொண்டிருந்தால், ஆச்சிமார் ஒவ்வொருவரிடமும் விடுதலைப் பத்திரம் வேண்டும். ஒருவர் மலேசியாவில் இருப்பார், ஒருவர் சென்னையில் படுக்கையில் இருப்பார். அதை வாங்கித் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று ஒப்பந்தத்திலேயே தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டும். கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். வெறும் 20 ரூபாய்த் தாளில் எழுதிப் பதியாமல் விட்ட ஒப்பந்தத்தை நம்பி இருக்காதீர்கள்.

அதிகம் எரிச்சல் தந்தது வங்கிக் கிளையின் தவணை முறைக் கேள்விகள். முதலில் பட்டா, அடுத்த தடவை போனால் அ-பதிவேடு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு), அதற்கடுத்து மூலப் பத்திரத்தின் அசல், பிறகு மூத்த பங்காளியின் இறப்புச் சான்று. ஒரே மூச்சில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இதற்கு ஒரு வழி இருக்கிறது. கிளையைச் சுற்றிக்கொண்டிருக்காமல், வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் யார் என்று கேட்டு வாங்கி, பத்திர நகல்களை அவரிடமே முதலில் கொடுத்து, வேண்டிய ஆவணங்களை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளோடு போனால் கவுன்ட்டரில் புதிதாக எதையும் கிளப்ப முடியாது. எங்களுக்கு வேலை நகர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பதிவு நாளில் வீணாகிற அலைச்சல் பெரும்பாலும் பொது அதிகாரப் பத்திரத்தால் வருவது. வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்றாகி, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் புதிதாக வேண்டும். டோக்கன் போட்டு, சாட்சிகளைக் கூட்டி வந்து, சான்று பழசு என்று திரும்பிப் போகிறவர்களை அலுவலக வாசலில் பார்க்கலாம். மற்றபடி கைரேகை, புகைப்படம் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும்.

அரசின் வட்டி மானியத்தை, அதாவது பிரதமர் வீட்டுத் திட்டம் நகர்ப்புறம் 2.0-வை, முன்பணமாக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் நாட்டில் எங்கும் பக்கா (உறுதியான கட்டுமான) வீடு இல்லையென்றால் அதிகபட்சம் 1,80,000 ரூபாய் கிடைக்கும். அதுவும் கடன் வாங்கிய பிறகு, ஐந்து ஆண்டுத் தவணையாக.

உட்பிரிவு இல்லாத முழு சர்வே எண் என்றால் பட்டா மாற்றம் தானாக நடந்துவிடும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அதற்கு விண்ணப்பமும் கட்டணமும் பதிவன்றே சேர்ந்ததா என்று ரசீதில் பாருங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் மறுபடி ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, உங்கள் கிரயமும் வங்கியின் ஆவண ஒப்படைப்பும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று சர்வே எண், கதவு எண், நாலு எல்லை வரை ஒப்பிடுங்கள். ஓர் எண் பிசகியிருந்தாலும் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்பவரே மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.