ஹெரால்டுக்கு ஸ்விங் ஸ்பிரிங் போட்ட கதை

ஹெரால்டு கார் வைத்திருக்கிறேன் என்றால் சென்னையில் பழைய மெக்கானிக்குகள் முதலில் சொல்வது இதுதான்: "பின்னாடி லைவ் ஆக்சில் போட்டுடுங்க சார், நிம்மதியா இருக்கும்." லைவ் ஆக்சில் என்றால் பின்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே விறைப்பான அச்சு. அப்படிச் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. ஹெரால்டை இங்கே தயாரித்த, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியே எழுபதுகளில் ஹெரால்டை மாற்றிக் கெஸல் என்று கொண்டுவந்தபோது லைவ் ஆக்சில்தான் வைத்தது. ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குவதுதான் இந்த வண்டியின் அழகு. அதை வெட்டிப் போட்டுவிட்டு ரெஸ்டோர் செய்தேன் என்று எப்படிச் சொல்வது?

என்னுடையது நாலு கதவு மார்க் 3. நாலு கதவு வைத்த ஹெரால்டு நம் மெட்ராஸில் மட்டும்தான் தயாரானது. இருப்பதையாவது கெடுக்காமல் வைத்திருக்க வேண்டாமா?

பின்பக்கச் சிக்கல் என்னவென்றால், டிஃபரன்ஷியலுக்கு (பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கியர் பெட்டி) மேலே குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங். எல்லா பிளேட்டையும் சேர்த்து டிஃபரன்ஷியலின் தலையில் இறுக்கியிருப்பார்கள். ஆக்சில் உள்முனையில் மட்டுமே மடங்கும். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும், டயர் விளிம்பில் நிற்கும். அதற்குமேல் பின்பக்கம் எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை.

இதற்கு, ஹெரால்டை முதலில் உருவாக்கிய இங்கிலாந்து டிரையம்ஃப்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1970-ல் வந்த அவர்களுடைய ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் ஒரு பிளேட்டை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவை நடுவில் தராசுக்கோல் மாதிரி ஆடும்படி விட்டார்கள். இதுதான் ஸ்விங் ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் எல்லா பிளேட்டும் சேர்ந்து தாங்கும். வண்டி சாய்ந்தால் மட்டும் ஸ்பிரிங் முரண்டு பிடிக்காது. அதனால் வெளிச்சக்கரம் வண்டியைத் தூக்கி நிறுத்துவதும் குறையும். சேசிஸில் எதையும் வெட்ட வேண்டாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். பழைய ஸ்பிரிங்கை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம்.

ஸ்பிரிங் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆனால் ஸ்பிட்ஃபயர் இரண்டு பேர் உட்காரும் வண்டி. நம் வண்டியில் பின் சீட்டில் அம்மா, அத்தை, குழந்தைகள், பைகள். அப்படியே மாட்டினால் பின்பக்கம் படுத்துவிடும். மாதவரத்தில் லாரி ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் எடுத்துப் போனேன். அவர் பிளேட்டுகளைப் பிரித்து, ஒன்றைத் தரையில் வைத்து அதன் வளைவைச் சாக்பீஸால் வரைந்தார். அதற்குச் சற்று மேலே இன்னொரு கோடு. "இவ்ளோ ஏத்தினா போதும் தம்பி, ஜாஸ்தி ஏத்தினா குதிக்கும்" என்றார். பிறகு ஒவ்வொரு பிளேட்டையும் தட்டித் தட்டி, அந்த இரண்டாவது கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். கோட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் சம்மட்டி. அளவுகோலைத் தொடவே இல்லை.

மாட்டும் வேலை நினைத்ததைவிடச் சுலபம். பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கின் நடுப்பகுதி கண்ணெதிரே இருக்கும். ஜாக்கிலிருந்து இறக்கியதும் சக்கரம் உள்ளே மடங்கித்தான் நிற்கும். வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளிய பிறகே உயரம் அளக்க வேண்டும்.

ஞாயிறு விடியற்காலையில் கத்திப்பாரா மேம்பாலத்துக்கு ஓட்டிப் போனேன். அந்த வட்ட வளைவில் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தேன். முன்பு பின்பக்கம் எழும்பி ஒரு பயம் கொடுக்குமே, அது இல்லை. வண்டி வளைவோடு வளைவாகவே வந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பின்பக்கம் சாய்வைத் தாங்காமல் விட்டுவிடுவதால், முன்பக்கம் தடிமனான ஆன்ட்டி ரோல் பார் (வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் வண்டி அளவுக்கு மீறிச் சாயும். அப்புறம், முன்பக்கத்தில் கை வைக்கும்போதே ட்ரன்னியனையும் (முன்சக்கரம் திரும்பும்போது அடியில் சுழலும் மரை மூட்டு) பாருங்கள். அதற்கு நைன்ட்டி கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். சர்வீஸ் பையன் கிரீஸ் கன்னோடு வந்தால் விடாதீர்கள். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது, உள்ளே துருப்பிடித்து ஒருநாள் முன்சக்கரத்தைத் தாங்கும் வெர்டிக்கல் லிங்க் முறிந்துவிடும்.