கசிவைக் கையால் தொடக் கூடாது

அம்பாசமுத்திரம் அருகே, தாமிரபரணிப் பாசனக் குளம் ஒன்றில் தூர்வாரும் பணியில் ஜேசிபி ஓட்டப் பழகி வருகிறேன். முதல் 3 நாட்கள் சாவியைத் தொடவே விடாத ஆபரேட்டர் அண்ணாச்சி, வண்டியைச் சுற்றி வந்து டயர், ஹைட்ராலிக் ஹோஸ் (அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் குழாய்), மூட்டுகளை இணைக்கும் பின்களின் கிரீஸ் ஆகியவற்றைப் பார்க்க மட்டுமே பழக்கினார். அதுவே சரியான பாடம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

நான்காம் நாள் ஒரு ஹோஸில் ஈரம் மினுங்கியதைக் கண்டு கை நீட்டினேன். "தம்பி, தடவிராத, காகித அட்டையை வச்சுப் பாரு" என்று பதறித் தடுத்தார். அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய், ஊசிமுனைத் துளை வழியாக வந்தாலும் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும் என்றும், வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்றும் அவர் விளக்கியபோது என் விரல்கள் நடுங்கின.

நேற்று முதன்முதலாக வண்டியை அசையாமல் நிறுத்தும் பின்பக்க இரும்புக் கால்கள் இரண்டையும் ஊன்றி, கோடை மழையில் இளகிய கரை விளிம்பை விட்டுத் தள்ளியே நின்று மண் அள்ளினேன்; இறங்கும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்தேன்.