ஒளிந்து போக எந்த கிளாஸ்?

ஜூன் 3
புது கேம்பெயின் (பல ஆட்டங்களாகத் தொடரும் கதை) லெவல் 3-இல் தொடங்குகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது மேஜையில் பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு; 2014 விதிகள். வேவு பார்க்கும் வேலை என்னுடையது. வேவு என்றாலே ரோக் (திருட்டுக் கலை தெரிந்தவர்) என்ற கிளாஸ்தான், அதாவது பாத்திர வகைதான், என்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எக்ஸ்பர்டீஸ் எடுத்தால் ஸ்டெல்த்தில் (ஒளியும் திறமை) புரொஃபிஷியன்ஸி, அதாவது பயிற்சிக்கான கூட்டல், இரட்டிப்பாகும்; டெக்ஸ் (சுறுசுறுப்பு) 16 இருந்தால் பகடையோடு கூட்டுவது மொத்தம் +7. கன்னிங் ஆக்‌ஷன் இருப்பதால் அடித்துவிட்டு அதே டர்னில் மறுபடி ஒளியப் பார்க்கலாம். தனியாகப் போய்வர இதைவிடப் பொருத்தமான கிளாஸ் இல்லை.

ஜூன் 5
மற்றவர்கள் எடுப்பது பாலடின் (புனித வீரர்), கிளெரிக் (பூசாரி), விசார்ட் (மந்திரவாதி). பாலடின் போடப்போவது செயின் மெயில் (சங்கிலிக் கவசம்). அதைப் போட்டால் ஸ்டெல்த்தில் டிஸ்அட்வான்டேஜ்: இரண்டு டி20 (20 முகப் பகடை) உருட்டி, குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். என் +7 அவருக்கு ஒரு துளியும் உதவாது. நான் மட்டும் மதிலேறிக் குதித்துவிட்டால் மற்ற மூவரும் மேஜையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் ஒளிவதைவிட, நால்வரும் ஒளிய வேண்டும்.

ஜூன் 6
அப்படியென்றால் பாஸ் வித்தவுட் டிரேஸ் என்ற ஸ்பெல் (மந்திரம்). 30 அடிக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் எல்லோருக்கும் ஸ்டெல்த்தில் +10, ஒரு மணி நேரத்துக்கு. சாதாரணக் காவலாளியின் பாசிவ் பெர்செப்ஷன் (தானாகக் கவனிக்கும் திறன்; ஒளிபவர் தாண்ட வேண்டிய எண்) 12தான். டெக்ஸ் 10 உள்ள பாலடினுக்கு இரண்டு டைஸிலும் 3 விழுந்தாலே 13 ஆகிவிடும்!

ரேஞ்சருக்கு (காட்டு வேட்டைக்காரர்) இந்த ஸ்பெல் லெவல் 5-இல்தான் கிடைக்கும். டிரூயிடுக்கு (இயற்கை மந்திரவாதி) லெவல் 3-லேயே உண்டு. ஷேடோ மாங்குக்கும் (நிழல் வித்தை தெரிந்த துறவி வீரர்) அப்படித்தான், 2 கி (உள்சக்தி) பாயின்ட் செலவு. செலவான கி ஷார்ட் ரெஸ்டில் (சிறு ஓய்வு) திரும்பிவிடும். டிரூயிடின் ஸ்பெல் ஸ்லாட்டுக்கு (மந்திரம் போடும் வாய்ப்பு) பொதுவாக லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) வேண்டும். சரி, மாங்க்தான்.

ஜூன் 10
முதல் ஆட்டம். நால்வரும் கோட்டைக்குள் போய்விட்டோம், பாலடினையும் சேர்த்து! ஒரு கதவருகே சைலன்ஸ் (சத்தத்தை அடக்கும் ஸ்பெல்) போடலாமா என்று யோசித்தேன். அதற்கும் பாஸ் வித்தவுட் டிரேஸுக்கும் கான்சன்ட்ரேஷன் (விடாத கவனம்) வேண்டும், ஒன்றைப் போட்டால் மற்றது போய்விடும். கையில் 1 கிதான் மிச்சம் என்பதால் அந்த யோசனையும் அத்தோடு நின்றது. இதே குழுவுக்கு நான் ரோக் எடுத்திருந்தால் மேஜையில் என் குரல் மட்டும்தான் கேட்டிருக்கும். லெவல் 4-இல் டெக்ஸை 18 ஆக்கப்போகிறேன். அப்புறம் லெவல் 6-இல் ஷேடோ ஸ்டெப்: ஒரு நிழலிலிருந்து 60 அடிக்குள் இருக்கும் இன்னொரு நிழலுக்குத் தாவலாம்.