சதுப்பு பி-17: புல் ஒருவழியாக நின்றுவிட்டது

சதுப்பில் கிடந்த ஒரு போர் விமானத்தின் சிறு மாதிரி செய்கிறேன். சதுப்புத் தண்ணீருக்கு ரெசின், அதாவது ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின். அது புல் தண்டில் ஏறவில்லை, குமிழி இல்லை, சாயமும் கலங்கவில்லை. விமானத்தைத் தொடாமல் இத்தனை நாளும் புல்லோடு மல்லுக்கட்டியதற்குக் கைமேல் பலன். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

அசல் விமானம் 41-2446 எண்ணுள்ள பி-17ஈ, இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். 1942 பிப்ரவரி 23 அன்று ஜப்பானியர் கையில் இருந்த ரபவுல் துறைமுகத்தில் குண்டு போட்டுத் திரும்பும்போது எரிபொருள் போதாமல், பாப்புவா நியூ கினியில் புல்வெளி என்று நம்பி வயிற்றால் இறக்கினார்கள். புல்லுக்கு அடியில் சதுப்பு. ஒன்பது பேரும் உயிரோடு நடந்து வெளியேறினார்கள், விமானம் அங்கேயே தங்கிவிட்டது. 1972-இல் ஹெலிகாப்டரிலிருந்து கண்டார்கள். 2006-இல் கழற்றித் தூக்கி, வழக்கும் வம்புமாகச் சில வருடம் லே துறைமுகத்தில் போட்டுவைத்து, 2010-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது ஹவாயில், பேர்ல் ஹார்பர் அருங்காட்சியகத்தில் காய்ந்த தரையில் நிற்கிறது. எனக்கு வேண்டியது அந்த 1972 காட்சி. புல் இல்லாவிட்டால் அது வெறும் உடைந்த விமானம்.

அசலில் 72-இல் ஒரு பங்கு, அதாவது 1/72 அளவில் இறக்கை நுனிக்கு நுனி 44 செ.மீ. ஆள் உயரப் புல் இரண்டரை செ.மீ. வரும். கடையில் விற்கும் புல்லை நட்டால் பார்க் புல்தரை மாதிரிதான் இருக்கிறது. அதனால் பத்தமடைக்குப் போய்ப் பாய் முடையும் அக்கா ஒருவரிடம் கழிவுக் கோரை கேட்டேன். "எதுக்கு தம்பி, பொம்மைக்குப் பாயா?" என்று சிரித்துவிட்டு ஒரு கட்டு கொடுத்தார். காசு வாங்கவில்லை.

முழுத் தண்டு ஆகாது. உள்ளே சோறு பஞ்சாக இருக்கிறது, அதில் காற்று அடைந்திருக்கும். ரெசின் இறுகும்போது சூடாகி, அந்தக் காற்று குமிழிகளாகக் கிளம்பும். பத்தமடையில் பட்டுப்பாய்க்குச் செய்வதுபோல, சோற்றை வழித்துத் தோலை மட்டும் நாராகக் கிழிக்க வேண்டும். தோலில் மெழுகு போல ஒரு பளபளப்பு உண்டு, பெயிண்ட் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்த பிறகு பிடித்தது. அடிப்பாகத்தைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் முக்கிக் காயவைத்தால் ரெசின் நாரில் ஏறிக் கறுக்காது. இந்த ஒரு வேலைதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. நட்ட பிறகு முக்க முடியாது, கட்டு கட்டாக முன்பே முக்கிவிடுங்கள்.

ரெசின் ஒரு ஊற்றுக்கு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நெல்லை வெயிலில் கலக்கும்போதே இறுகத் தொடங்குகிறது, விடியற்காலைதான் சரி. டவுனில் ஒரு கடையில் வாங்கிய ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கக் கலப்பது) மஞ்சளடித்துக் கிடந்தது. கேட்டால் "எல்லாம் அப்படித்தான் வரும்" என்கிறார். இப்போது கூரியரில்தான் வரவழைக்கிறேன். ஆடிக்காற்றில் தூசி வேறு, ஊற்றியதும் அட்டைப்பெட்டியால் மூடிவிடுகிறேன்.

விமானத்தில் வால் எண் இன்னும் எழுதவில்லை. ஆலிவ் பச்சை தேய்ந்து அலுமினியம் தெரியும் இடங்கள் பாதிதான் முடிந்தன. அதற்குள் மனசு அடுத்த மாதிரிக்கு, லிபியாவுக்குப் போய்விட்டது. 1943-இல் பாலைவனத்தில் விழுந்த பி-24 குண்டுவீச்சு விமானம், 'லேடி பி குட்'. 1958-இல் எண்ணெய் தேடிய விமானத்தின் கண்ணில் பட்டது. உடைந்து கிடந்தும் ரேடியோ வேலை செய்ததாம். 1994-இல் அதையும் அள்ளி டோப்ரூக்குக் கொண்டுபோனார்கள். மணலுக்குத் தேரி பக்கம் போகலாம் என்றால், அது ரத்தச் சிவப்பு. லிபியாவுக்கு வெளிறிய மணல் வேண்டும். உவரிக் கடற்கரை மணலைக் கழுவிச் சலித்துப் பார்க்கப்போகிறேன். கறுப்புத் துகளைக் காந்தத்தால் எடுத்துவிடலாம்.